மொட்டைமாடி டைரி: காசு கொடுத்தா புல்லு வாங்குனே?

"இது என்னாடி?"

"ஃபவுன்டன் கிராஸ், அப்பாயி."

"அப்புடின்னா?"

"புல்லு. அழகுக்கு வளர்க்குறது."

"எவ்வளவு?"

இந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்க வேண்டும். தொட்டி 350 ரூபாய் என்ற உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். மூன்று தொட்டி வாங்கியதை மட்டும் மறைக்கப் பார்த்தேன். ஆனால், அப்பாயி அதற்குள் எண்ணிவிட்டார். அதுவும் ஒற்றைக் கண்ணால்.

அன்று காலையில்தான் அவருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து என் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். கறுப்புக் கண்ணாடியோடு மொட்டைமாடி நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்துக்குக் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தூசியும் தண்ணீரும் கண்ணில் படக் கூடாது, மண்ணில் கை வைக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மன்னார்குடி பக்கம் பன்னிரண்டு வயதில் களை எடுக்க வயலில் இறங்கி, எழுபதைத் தாண்டியும் கரையேறாதவர் அப்பாயி. அவரிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது!

"புல்லைப் புடுங்குறதுக்குத்தான் எனக்குக் காசு குடுத்தாங்க. வாங்குறதுக்கு நீ குடுக்குறியா?"

"ஏன், பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை காசு குடுத்து வாங்குறதில்லையா?" என்று மடக்கினேன்.

"அது சாமிக்கு. இது யாருக்கு?"

பதில் இல்லை.

உண்மையில் அது எனக்குத்தான். ரீல்ஸில் பார்த்து ஆசைப்பட்டது. இப்போது கல்யாண ரிசப்ஷன் மேடைகளில் நரியின் வால் போல வெளிர் நிறத்தில் நிற்கிறதே, பாம்பாஸ் புல், அதில் தொடங்கிய கிறுக்கு. பாம்பாஸ் தென் அமெரிக்கப் புல். எட்டு, பத்து அடி வளரும். இலை ஓரம் கத்தி போல அறுக்கும். என் மாடிக்கு அது ஆகாது என்பதால் அதற்கு அடுத்த அழகியைப் பிடித்தேன். ஃபவுன்டன் கிராஸ் இரண்டு மூன்று அடிதான் வளரும். மெல்லிய இலைகள் நாலாபுறமும் நீரூற்று மாதிரி வளைந்து விழும். நடுவிலிருந்து பூனை வால் போலக் கதிர் வரும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து, எட்டு மணி நேரம் ஸ்கிரீனையே பார்த்த கண்ணோடு வந்து மாடியில் நின்றால், காற்றில் அது ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே... சரி, 350 ரூபாய் அதிகம்தான்.

முதல் தொட்டியைக் கொன்றது நான்

அப்பாயியிடம் சொல்லாத இன்னொரு ரகசியம், இந்த மூன்றுக்கும் முன்னால் ஒன்று வாங்கினேன். மார்ச்சில் வாங்கி, ஏப்ரலில் கொன்றேன். வெயிலுக்குப் பாவமே என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். தரை அழுக்காகக் கூடாதென்று தொட்டிக்கு அடியில் தட்டும் வைத்தேன். தட்டில் எப்போதும் தண்ணீர் நின்றது. ஒருநாள் காய்ந்த இலை ஒன்றை இழுத்தால், நடுத்தூரே கையோடு வந்துவிட்டது. அழுகல் நாற்றம்.

புல்லைக் கவனிப்பு கொன்றுவிடும் என்று அப்போதுதான் புரிந்தது. இந்த வகைப் புல்லுக்குக் குறைந்தது ஐந்து, ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் சாகாது. ஆனால் சோம்பேறி மாதிரி தரையில் படுத்துக்கொள்ளும், பூக்காது. பன்னிரண்டு அங்குலத் தொட்டி போதும். அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்க வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம பங்கு கலந்தேன். உரத்தை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரோஜாவுக்குப் போடுகிற ஞாபகத்தில் யூரியாவைத் தூவினால், இலை கொழுத்து நிற்க மாட்டாமல் சரிந்துவிடும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால் தண்ணீர், இல்லையென்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வருடத்துக்கு ஒருமுறை, மாசிக் கடைசியில், அரை அடி விட்டுவிட்டு மொத்தத்தையும் வெட்ட வேண்டும். மனசு வராது. வெட்டாவிட்டால் பழைய சருகு உள்ளேயே சேர்ந்து, நடுவில் வழுக்கை விழும். வெட்டிய பிறகு வெயிலும் தண்ணீரும் கிடைத்தால் சில வாரங்களில் பழையபடி எழுந்துவிடும். தீபாவளிக்கு முன்னால் இன்னொரு முறை காய்ந்த இலைகளை மட்டும் கோதி எடுத்துவிடுங்கள். பக்கத்துத் தெரு ராக்கெட் ஒன்று வந்து விழுந்தால் போதும், காய்ந்த புல் என்ன செய்யும் என்று சொல்லவே வேண்டாம். கோதும்போது கையுறை அவசியம். புல்லின் இலைக்குள் நுண்ணிய மணல் துகள் மாதிரி சிலிக்கா இருக்கிறது. அறுத்தால் பிளேடு பட்டது போல எரியும். சொந்த அனுபவம்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நட வேண்டும். பழைய பிரெட் கத்தி இதற்கு அருமையான ஆயுதம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஓட்டை வழியாக வேர் இறங்கித் தளத்தில் ஒட்டிக்கொண்டால், ஹவுஸ் ஓனரிடம் நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும்.

சக்களத்தி வந்த கதை

அப்பாயிக்கு மாடியில் வேறு பொழுதுபோக்கு இல்லை. காலையில் நான் தொட்டிகளைப் பார்க்கும்போது நாற்காலியிலிருந்தே மேற்பார்வை நடக்கும். "அந்தத் தொட்டியில பசேல்னு ஒண்ணு நிக்குது பாரு, அதப் புடுங்கு." "அது இல்லடி, அதுக்குப் பக்கத்துல." புதிதாகத் தெளிந்த கண்ணில் எதுவும் தப்பவில்லை.

அப்படித்தான் நெல்சக்களத்தி பற்றித் தெரிந்துகொண்டேன். நெல் வயலில் நெல்லைப் போலவே வளருகிற களைப்புல் அது. அதே உயரம், அதே இலை. கதிர் வரும்வரை சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நெல்லுக்குப் போடுகிற உரத்தைத் தின்று, நெல்லோடு நெல்லாக நிற்கும். அதற்கு இப்படிப் பெயர் வைத்தது கட்டாயம் ஒரு பெண்ணாகத்தான் இருக்கும்.

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பே?"

"கண்டா புடிப்பாங்க? கைதான் புடிக்கும்" என்றார் அப்பாயி. இலை தண்டைத் தொடுகிற இடத்தில், உள்பக்கமாகக் கட்டைவிரலை வைத்தால், நெல்லில் சின்ன நாக்கு மாதிரி ஒரு சவ்வு தட்டுப்படும். சக்களத்தியில் அது இருக்காது, வழுவழுவென்று இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து, எதிரே வருகிற ஆள் முகம் மங்கிப்போன கடைசி மூன்று நான்கு வருடங்களும் அவர் களையெடுக்கப் போனது இந்தக் கட்டைவிரலை நம்பித்தான். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் ஆபரேஷனுக்கு இவ்வளவு நாள் தள்ளிப்போட்டிருக்க மாட்டோம்.

பிறகு தாவரவியல் புத்தகத்தைப் புரட்டினேன். நெல்லுக்கும் அந்தக் களைக்கும் உள்ள அடையாள வேறுபாடாக அதில் இருப்பதும் இதே நாக்குதான். பெயர் மட்டும் லத்தீனில் இருந்தது.

எவளோ ஒருத்தி

ஆவணியில் என் ஃபவுன்டன் கிராஸ் மூன்றும் பூத்தன. இளஞ்சிவப்பு கலந்த வெள்ளைக் கதிர்கள், சாயங்கால வெயில் பின்னால் விழுந்தால் ஒளிரும். நாற்பது போட்டோ எடுத்திருப்பேன். அப்பாயியே, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அது எங்கள் குடும்பத்தில் பெரிய விருது.

இரண்டு வாரம் போனது. கதிர்கள் முற்றி உதிர ஆரம்பித்தன. பஞ்சு மாதிரி மெல்லிய முடிகளோடு ஒவ்வொரு விதையும் காற்றில் எழும்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்துக் காலி மனைப் பக்கம் போனது. காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த அப்பாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க போயி விழும்?"

"தெரியல அப்பாயி. எங்கேயாவது."

"விழுற எடத்துல எவளோ ஒருத்தி குனிஞ்சு பறிக்கணுமேடி."

திட்டுகிற குரலில்கூடச் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். குனியக் கூடாது என்பது நினைவு வந்து என்னிடம் நீட்டினார்.

அன்று ராத்திரி ஆபீஸில் செய்திக்கு நடுவே இந்தப் புல்லைத் தேடிப் படித்தேன். வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. இதன் சொந்த ஊர் வட ஆப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு. அழகுக்காகப் பல நாடுகளுக்குப் போய், தோட்டத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறது. ஹவாயில் எரிமலைக் குழம்பு உறைந்த தரையில்கூட முளைத்துப் பரவி, காய்ந்ததும் தீப்பற்றி, தீயில் கருகிய சொந்த மண்ணின் செடிகளுக்கு முன்பே மறுபடி துளிர்த்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017ல் இதை ஆக்கிரமிப்புத் தாவரங்களின் பட்டியலில் சேர்த்து, அங்கே விற்கவும் வளர்க்கவும் தடை போட்டுவிட்டது. விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம்.

இது என்ன புதுக்கதையா நமக்கு? மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை மூடிக்கிடக்கும் உன்னிச்செடி, அழகாகப் பூக்கிறதென்று வெள்ளைக்காரர்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்ததுதான். ஏரி குளங்களை அடைத்து நிற்கும் ஆகாயத்தாமரையும் அழகு பார்க்க வந்ததுதான். ஊட்டியில் பச்சைக் கம்பளமாகப் பார்த்து நாம் செல்ஃபி எடுக்கும் இடங்களில் பாதி, ஆப்பிரிக்கக் கிகுயூ புல். ஃபவுன்டன் கிராஸுக்கு அது பங்காளி. இரண்டையும் தாவரவியலாளர்கள் இப்போது ஒரே பேரினத்தில்தான் வைத்திருக்கிறார்கள். இதனால் நம் ஊரிலும் என் மூன்று தொட்டி விதை அப்படித்தான் ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் ஆகாது என்று அப்பாயியிடம் சத்தியம் பண்ண எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் மிச்சக் கதிர்களை எல்லாம் வெட்டிக் கவரில் போட்டுக் கட்டினேன். உரக்குழிக்குப் போடாமல் குப்பைக்குக் கொடுத்தேன். பிறகு மூன்று தூரையும் பிடுங்கினேன். 1,050 ரூபாய். பக்கத்துக் காலி மனைக்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மழைக்குப் பிறகு இன்னொரு முறை போக வேண்டும்.

இதைப் படித்த பிறகும் ஆசை விடவில்லை என்றால், சிவப்பு இலை உள்ள ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். 'ரூப்ரம்' என்பார்கள். அது அநேகமாக முளைக்கும் விதை வைப்பதில்லை, தூரைப் பிரித்துத்தான் பெருக்குகிறார்கள். நான் வாங்கிய பச்சை இலை ரகம்தான் விதையை அள்ளி வீசுவது. நர்சரியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் சொல்கிறார்கள், இலையின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலி இடத்துக்கு யார்?

"வெட்டிவேரு போடேன்" என்றார் அப்பாயி. எனக்கு அது சாமி படத்து மாலையாகவும் தண்ணீர்ப் பானைக்குள் போடும் கட்டாகவும்தான் தெரியும். செடியாக நான் பார்த்ததே இல்லை. கடலூர் பக்கம் கடற்கரை மணலில் நிறையப் பயிராகிறது. அந்த ஊர்க்கார நண்பர் ஒருவர் ஈரச்சாக்கில் சுற்றி ஒரு கட்டுத் தூர் கொண்டுவந்து தந்தார்.

பார்ப்பதற்கு ஃபவுன்டன் கிராஸின் அக்கா மாதிரி. நான்கைந்து அடி உயரம், அதே வளைவு, அதே ஆட்டம். பூவும் உண்டு, ஊதாவும் பழுப்பும் கலந்த நிறத்தில். நம்மிடம் பயிராகும் ரகம் முளைக்கிற விதை வைப்பது அபூர்வம். பக்கவாட்டில் கொடி ஓடுவதும் இல்லை, நட்ட இடத்திலேயே நிற்கும். நிலத்தில் நட்டால் வேர் பத்து அடிக்கும் கீழே இறங்கும் என்பதால் தொட்டியில் ஆழம் முக்கியம். நான் உயரமான பிளாஸ்டிக் டிரம்மில் அடியில் ஓட்டை போட்டு, பாதிக்கு மேல் மணல் கலந்து நட்டிருக்கிறேன். மண் இளக்கமாக இருந்தால்தான் பின்னால் வேரை அறுபடாமல் எடுக்க முடியும். வேர் எடுக்க ஒரு வருடமாவது ஆகும். அதுவரை அழகு, அதற்குப் பிறகு வாசனை.

எலுமிச்சைப்புல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காய்கறிக் கடையில் தண்டாக வாங்கி, டம்ளர் தண்ணீரில் நிறுத்தினாலே வேர் விடும். டீக்கு ஆயிற்று.

வெயில் குறைந்த பால்கனிக்காரர்களுக்குக் குடைக்கோரை. தண்டின் உச்சியில் குடைக்கம்பி மாதிரி இலை விரியும். இது புல் இல்லை, கோரை இனம். தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்பு தட்டும், புல்லின் தண்டோ உருண்டையாக, கணுக்கணுவாக இருக்கும். பத்தமடைப் பாய்க்கு ஆகிற கோரைக்குச் சொந்தக்காரன். தண்ணீரில் நிற்கப் பிடிக்கும் என்பதால் ஓட்டையில்லாத தொட்டியில் வைக்கலாம். இரண்டு கப்பி மீன் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் டெங்கு கொசுவுக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி.

நாணல் வைக்கலாமா என்றும் எனக்கு ஒரு சபலம் வந்தது. மழைக்காலம் வந்தால் கொள்ளிடக் கரையில் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்குமே! பாம்பாஸுக்கு என்ன குறைச்சல் அதில்? அது கரும்பின் காட்டுச் சொந்தம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், நல்ல கரும்போடு காட்டு நாணல் கரும்பை ஒட்டுச் சேர்த்துத்தான் 'கோ 205' என்ற ரகத்தை 1918ல் வெளியிட்டார்கள். இனிப்பு கரும்பிலிருந்து, தாக்குப்பிடிக்கிற வலு காட்டுப் புல்லிலிருந்து. ஆனாலும் நாணல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதன் வேர்த்தண்டு பூமிக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், விதையும் பறக்கும். ஆற்றங்கரையிலேயே இருக்கட்டும். போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக நட்டது கம்பு. சிரிக்காதீர்கள். ஃபவுன்டன் கிராஸும் கம்பும் பங்காளிகள்தான். அமெரிக்காவில் கரும் ஊதா இலையும் கதிரும் உள்ள கம்பு ரகம் ஒன்றுக்கு 'பர்ப்பிள் மெஜஸ்டி' என்று பெயர் வைத்து, 2003ல் 'ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்' தங்கப் பதக்கமே கொடுத்திருக்கிறார்கள், தோட்ட அழகுக்காக! அந்த ராஜகுமாரி எனக்குக் கிடைக்கவில்லை. சமையலறை டப்பாவிலிருந்த தீட்டாத கம்பைத்தான் அப்பாயி ஈரத்துணியில் முடிந்துவைத்து, முளை விட்டதைப் பொறுக்கித் தந்தார். ஒரு பெரிய தொட்டிக்கு நான்கு செடி. ஐம்பது நாள் சுமாருக்குக் கதிர் தலை காட்டியது. இப்போது காலை ஆறரைக்கு அலாரம் தேவையில்லை, சிட்டுக்குருவியும் தில்லான்களும் வந்து சண்டை போட்டு எழுப்பிவிடுகின்றன.

கதிரைப் பார்க்க அப்பாயி இல்லை. ஒரு மாத செக்கப்பில் டாக்டர் எல்லாம் சரி, இனி வழக்கம்போல இருக்கலாம் என்றதுமே ஊருக்குப் பெட்டி கட்டிவிட்டார். கிளம்புகிற அன்று காலை மாடிக்கு வந்து, முதல் வேலையாகக் கம்புத் தொட்டிக்குள் கையை விட்டார். கம்புக்கு நடுவே இன்னொரு புல். இலை தண்டைத் தொடுகிற இடத்தில் கட்டைவிரலை வைத்தார்.

"பாத்தியா, மெட்ராஸுக்கே வந்துட்டா சக்களத்தி."

பிடுங்கப் போன கை நின்றது. கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, அந்தப் புல்லைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். வேரோடு மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்து, காலியாகக் கிடந்த ஃபவுன்டன் கிராஸ் தொட்டியில் வைத்து அழுத்தினார்.

"என்ன அப்பாயி இது?"

"இதப் பூக்க விட்டு நான் பாத்ததே இல்லடி. இருக்கட்டும். ஆனா சொல்லிட்டேன், கதிரு முத்துறதுக்குள்ள புடுங்கிப்புடணும்."

போன வாரம் போனில் கேட்டார். பூத்துவிட்டது என்றேன். எப்படி இருக்கிறது என்றார். சின்னச் சின்னதாக, கருஞ்சிவப்பாக, தண்டுக்கு இரண்டு பக்கமும் அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றேன். வீடியோ காலில் காட்டச் சொன்னார். காட்டினேன். இன்னும் கிட்டக் கொண்டுபோகச் சொன்னார்.

"ம்... சரி, புடுங்கிரு" என்றார்.